அந்த வாளி என்னுடையது

என் கடல்தொட்டியைப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எதுக்கு இது?" பீரோ நிறையப் பட்டுப்புடவை அடுக்கி வைத்திருப்பவளிடம் போய் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டியில் உப்புத்தண்ணீர் வைத்து, அதில் ஒரு கோமாளி மீனும் ஓர் இறாலும் சில நத்தைகளும் கொஞ்சம் பவளமும் வளர்த்தால் மட்டும் போடிநாயக்கனூருக்கே காரணம் தெரிந்தாக வேண்டும். "சாப்பிடலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களாவது நேர்மையானவர்கள்.

காரணம் எதுவும் கிடையாது. நான் ஒன்றும் கடற்கரையில் பிறந்தவள் அல்ல, மலையடிவாரத்துச் சிலமலைக்காரி. கடலை நேரில் பார்த்ததே திதி கொடுக்க ராமேஸ்வரம் போனபோதுதான், அதுவும் முன்னால் நின்ற கூட்டம் பாதியை மறைத்துவிட்டது. பிறகொரு நாள் கைபேசியில் இப்படியொரு தொட்டியைப் பார்த்தேன். வேண்டும் என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறவள், வாங்கினேன். இதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் அது எனக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் யாருக்கும் தனியாக ஒரு பொருள் கிடையாது. துண்டு, செருப்பு, சார்ஜர், சீப்பு எல்லாம் எல்லாருக்கும். கையில் அகப்பட்டதை எடுப்பார்கள், சோலி முடிந்ததும் எங்கேயாவது போடுவார்கள். என் குடை போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்துக் கங்காணி கையில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது. கேட்டதற்கு என் மாமியார், "ஒரே வீட்டுல என்னாத்தா ஒனக்கு எனக்குன்னு?" என்றார். இதற்கு இந்த வீட்டில் பாசம் என்று பெயர். உள்ளறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. எனக்கென்று ஒன்று இருந்தால் அது அந்தத் தொட்டி மட்டும்தான். மாடியில் ஏலக்காய் மூட்டை போடுகிற அறையில், ஜன்னலுக்கு எதிர்மூலையில் வைத்திருந்தேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை, அதனால் யாரும் தொடவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சின்னத் தொட்டி வைத்திருப்பது பெரிய தொட்டி வைத்திருப்பதைவிடக் கஷ்டம். தண்ணீர் கொஞ்சம் என்பதால் எந்தத் தப்பும் உடனே உறைக்கும். கோடையில் கரண்டு போனால் மதியத்துக்குள் தண்ணீர் சூடாகிவிடும், பவளம் நிறம் வெளுத்துச் சுருங்கும். அதற்காகப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, கரண்டு போனதும் தொட்டியில் மிதக்கவிடுவேன். ஒருமுறை போய்ப் பார்த்தால் பாட்டில் இல்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது ஜீப்பில் எடுத்துப்போய்விட்டார். "ஜில்லுன்னு இருந்துச்சு, கொண்டு போனேன்" என்றார். அன்றைக்கு ஈரத்துணியைத் தொட்டிமேல் சுற்றி, விசிறிமட்டையால் வீசியபடி உட்கார்ந்திருந்தேன். இன்னொருமுறை கல் முழுக்கப் பழுப்பாகச் சளி மாதிரி பாசி படர்ந்தது. அவர் எட்டிப் பார்த்து, "கடலுக்கு மூக்கு ஒழுகுது போல. கசாயம் வச்சுக் குடு" என்றார். நான் சிரிக்கவில்லை. பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்து எடுத்தேன்.

அதையெல்லாம் தாண்டித் தொட்டி தேறி வந்தது. பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் பொத்தான் பொத்தானாக விரியும். முதுகில் வெள்ளைக்கோடு ஓடுகிற சிவப்பு இறால், நான் கையை உள்ளே விட்டால் ஓடிவந்து நகக்கண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்யும். அதன் குணம் அது, மீன்களுக்கும் அப்படித்தான் செய்யுமாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கையைக் கழுவி உள்ளே விட்டதும் அது ஓடிவருவது என்னைத் தேடித்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் என்னைத் தேடி வருகிற வேறு யாரும் சோறு கேட்டுத்தான் வருவார்கள்.

மழை தொடங்குவதற்குமுன் ஏலத்தோட்டங்களில் துருசு அடிப்பார்கள். மயில்துத்தம் என்று கடையில் விற்கிற நீலக்கல்தான், மலையில் அதற்குத் துருசு என்று பெயர். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கரைத்து, இரண்டையும் சேர்த்துச் செடிக்கு அடித்தால் காய் அழுகல் வராது. இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக்கூடாது, பிளாஸ்டிக்தான் வேண்டும். கலந்தபிறகு அரிவாளைத் தீட்டி முக்கிப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பு ஏறிச் சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்தச் செம்புதான் துருசில் இருக்கிற சரக்கு. மனிதனை ஒன்றும் செய்யாத அளவு செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

அந்த வருஷம் துருசு அடிக்கிற சமயத்தில் நான் அம்மா வீட்டுத் திருவிழாவுக்குச் சிலமலை போயிருந்தேன். தோட்டத்து வாளி விரிசல் விட்டிருந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்திருக்கிறார். மூலையில் வெள்ளை வாளி ஒன்று, நான் கறுப்பு மையால் லிட்டர் கணக்குக்குக் கோடு போட்டு வைத்தது, தொட்டிக்கு உப்பு கலப்பதற்கென்றே வைத்திருந்தது. சோப்புகூடப் படாமல் காப்பாற்றி வந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் வாளி! இதைவிட வேறென்ன வேண்டும்? எடுத்துப் போய்த் துருசு கரைத்து, அடித்து முடித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்தது அன்றைக்குத்தான்.

ஊரிலிருந்து வந்த நான் வழக்கம்போல அந்த வாளியில் கேன் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கி, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுத்தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கிடந்தன. பவளம் எல்லாம் மூடிக்கொண்டிருந்தது. இறால் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கெட்டால் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரை மாற்ற வேண்டும். எல்லாரும் சொல்வது அதைத்தான். நானும் அதே வாளியில் இன்னும் கொஞ்சம் கலந்து ஊற்றினேன். மோசமாயிற்று. பயந்துபோய் இன்னும் அதிகமாகக் கலந்து ஊற்றினேன். இறால் அசைவதை நிறுத்தியது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் கையாலேயே விஷத்தை ஊற்றியிருக்கிறேன்.

மீன் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மீனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொல்வது எது என்று தேடிப் படித்தேன். செம்பு. எங்கள் வீட்டுத் தண்ணீரில் செம்பு ஏது என்று முழித்துக்கொண்டிருந்தவள், வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிடி மாட்டுகிற காதுக்கு அடியில், நார் போகாத இடுக்கில், நீலப்பச்சையாக ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

வாளியோடு கீழே போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல துருசு கரைச்சீங்களா?"

"ஆமா. நல்லா தேச்சுக் கழுவித்தான வச்சேன்?"

"எல்லாம் செத்துப்போச்சு."

அவர் கை சோற்றில் நின்றது. "துருசுக்கா சாகும்? அது மருந்துல்ல?"

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"வீட்டு வாளிய எடுக்க யாரக் கேக்கணுங்கிற? நீ ஊர்ல இல்ல. மழை வரப்போகுது. வெரசா அடிக்கலன்னா அழுகல் விழுந்து காயெல்லாம் கொட்டிரும். சோறு போடுறது தோட்டந்தான், ஒன் புழு இல்ல."

மாமியார், "விடாத்தா, சந்தைல நாலு எறா வாங்கி விட்டுக்கிரலாம்" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆறுதல் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

தோட்டம் பெரிது என்பதும் அழுகல் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாதா? அவர் வாளியைக் கேட்டிருந்தால் நான் வேறு வாளி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், எதிர்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைக்கிற அளவுக்கு.

அப்போது என் வீட்டுக்காரர் தலை குனிந்தபடி கேட்டார்: "அந்தச் செவப்பு எறாலுமா போயிருச்சு? கையச் சொரண்டுமே, அதுவுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ பள்ளிக்கூடம் போனதும் அப்பப்பக் கைய விடுவேன். ஓடியாரும். கையக் கழுவிட்டுத்தான் விடுவேன்."

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி பிறகு சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னைத் தேடி ஓடிவந்த ஒரே பிராணி, அதையும் எனக்குத் தெரியாமல் பொதுவாக்கி வைத்திருந்திருக்கிறார். துண்டு, சீப்பு, குடை, இறால். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் முதுகைத் தடவ வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

கல்லெல்லாம் செம்பைக் குடித்திருக்கும், இனி எத்தனை கழுவினாலும் விடாது. பவளம் ஒட்டியிருந்த கற்களை அள்ளிக் கொட்டினேன். பழைய தொட்டியை மீனுக்கு மட்டும் விட்டுவிட்டு, பக்கத்தில் புதுத்தொட்டி ஒன்று வைத்தேன். அவர் ஆணிக்கடையில் சிவப்பு வாளி ஒன்று வாங்கிவந்து மாடிப்படியில் வைத்திருந்தார். அதை எடுத்துக் குளியலறையில் போட்டேன், எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொண்டேன். லோடு ஏற்ற வந்த ஆட்களிடம் சொல்லி ஏலக்காய் மூட்டைகளைக் கீழே இறக்கவைத்தேன். தச்சரை வரவழைத்து, கதவுக்கு உள்தாழும் வெளிப்பூட்டும் போடவைத்தேன்.

"குடியிருக்கிற வீட்டுக்குள்ள பூட்டா? நாங்கெல்லாம் களவாணிகளா ஆத்தா?" என்று மாமியார் கண்ணைக் கசக்கினார்.

"கேக்காம எடுத்தா வேற என்ன பேரு அத்தை?" என்றேன். அதன்பின் மாமியார் நெடுநாள் என்னிடம் பேசவில்லை. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

புதுத்தொட்டியில் உயிர் எதையும் உடனே விட முடியாது. தண்ணீர் பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்காருவேன். பார்ப்பதற்கு வெறும் கல்லும் தண்ணீரும்தான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் கதவை யாரோ தட்டினார்கள். நான் வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் ஒரு கதவை யாரும் தட்டி நான் கேட்டதில்லை. முதலில் எனக்கு அது என்ன சத்தம் என்றே புரியவில்லை.

"நாந்தான்," என்றார் என் வீட்டுக்காரர். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், பச்சை ஏலக்காய் வாடை கதவிடுக்கில் வந்தது. "அந்த மீன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன். உள்ள வரலாமா?"

யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று எத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அது. எழுந்து கதவருகே போனேன். தாழில் கைகூட வைத்துவிட்டேன்.

"வேணாம்," என்றேன்.

தள்ளிப் பார்க்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கதவைத் திறக்கவில்லை.