கிரேயானில் வரைந்த மாதா

கிரேயான் டப்பாவைத் திறந்ததும் எழும் அந்த மெழுகு வாசனை, பாடியில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டையும் ஓர் ஐப்பசி மழையையும் இன்றும் என் முன்னே கொண்டுவந்துவிடும். அந்த மழையில் ஓடு ஒழுகி, பீடத்தில் இருந்த மாதா படம் கண்ணாடிக்குள்ளேயே ஊறி முகம் தெரியாமல் போயிற்று. அந்த வாரம் பார்த்து, தெருவிலுள்ள குடும்பங்கள் கூடி ஜெபமாலை சொல்லும் 'அன்பியம்' எங்கள் வீட்டில். நைனாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம், புதுப்படம் வாங்கிவர ஆளில்லை. "வெறும் செவுத்த பாத்தா ஜெபம் சொல்லுவாங்க?" என்று அம்மா கலங்கினாள்.

பத்து வயதுக்காரி நான், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைய உட்கார்ந்தேன். நீலத்தை அழுத்தித் தேய்த்து அதன்மேல் வெள்ளையை ஓட்டியதும் மாதாவின் முக்காட்டுக்குப் பட்டின் மினுமினுப்பு வந்தது. மஞ்சளின்மேல் கறுப்பைப் பூசி ஊக்கால் சுரண்ட, வானத்தில் நட்சத்திரங்கள் முளைத்தன. முகத்துக்கும் பாதத்துக்கும்தான் வழியில்லை, 'ஸ்கின் கலர்' என்று நாங்கள் சொல்லும் வெளிர் ரோஜா தீர்ந்துபோயிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு பிரவுனை எடுத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மாதா நம்ம அம்மா மாரியே கீறாங்க. ரேஷன் கடைல நின்னுட்டு வந்த மாரி."

தெய்வக்குற்றம் செய்துவிட்டோமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆட்கள் வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஜெபம் நடத்தும் ஸ்டெல்லா அக்கா, பீடத்தில் அம்மா ஒட்டிவைத்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"சின்னவ," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அவர் படத்தின் அடியில் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி ஜெபமாலையைத் தொடங்கினார். முடிந்ததும், வழக்கம்போல ஒவ்வொருவராக வந்து மாதாவின் பாதத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போனார்கள். மெழுகுவர்த்திச் சூட்டில் இளகியிருந்த கிரேயான் ஒவ்வொரு விரலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போக, கடைசி ஆள் படியிறங்கியபோது மாதாவுக்குப் பாதமே இல்லை.

நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா சிரித்தாள். "எதுக்குடி அழுவுற? வெறும் படம்னா யாரு தொட்டு முத்தி செய்யப் போறாங்க?"

பாதத்தைத் திரும்ப வரைய அவள் விடவே இல்லை.

அந்த வீடு இப்போது லாரி நிறுத்துமிடம். அம்மாவும் ஆண்டவரிடம் போய்விட்டாள். வானகரத்தில் நான் இப்போதிருக்கும் வீட்டில் மாதா, சீரியல் விளக்குகளுக்கு நடுவே நல்ல கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார். அன்பியம் முடிந்து எல்லோரும் போனபிறகு நான் துணியெடுத்துத் துடைக்கிறேன். ஒரே துடைப்பில் விரல்தடமெல்லாம் போய்விடுகிறது.