நிறுத்திய வரியிலிருந்து

போன மாதம் ஓரிக்கைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். பெண் வீட்டார் எங்கள் தெருக்காரர்கள். "ஆன்ட்டி அந்தக் காலத்துல ஆர்கெஸ்ட்ராவுல பாடினவங்க" என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நானும் வேண்டாம், வேண்டாம் என்றேன். எங்கே விட்டுவிடப் போகிறார்களோ என்று பயந்து அடுத்த தடவை கூப்பிடுவதற்குள் எழுந்தும் விட்டேன். மேடையில் வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு லேப்டாப், இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு தம்பி. அவன் எதையோ தட்டினான். எங்கிருந்தோ ஐம்பது வயலின் கிளம்பியது.

பல்லவி நன்றாகவே போயிற்று. சரணத்தின் நடுவில் பெண்ணின் தாத்தாவைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். ஆசீர்வாதம் பண்ண வந்த பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டு நிற்க எனக்கு வராது. பாட்டை நிறுத்தி ஒதுங்கி நின்றேன். வயலின்கள் நிற்கவில்லை. நான் பாட வேண்டிய இடத்தைத் தாண்டி அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நிறுத்துப்பா" என்றேன்.

"ட்ராக் போய்க்கினேதான் ஆன்ட்டி இருக்கும். நீங்க கேட்ச் பண்ணிக்கோங்க."

கேட்ச் பண்ணிக்கொள்ள அது என்ன, கிளம்பிப்போன பஸ்ஸா? மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். ஜாங்கிரி வைத்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பிடும்போதுதான் தோன்றியது, அந்த மைக்கில் மனுஷ வாசனையே இல்லை. ஏதோ மருந்து போட்டுத் துடைத்திருந்தான். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எங்கள் மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடித்த வலை, எனக்கு முன் பாடியவரின் வெற்றிலை, அவருக்கு முன் பாடியவரின் ஏலக்காய், எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். முதல் தடவை குமட்டும். பிறகு அது இல்லாமல் குரல் எழும்பாது. பத்தொன்பது வயதில் அந்த வாசனைக்கு அப்படி ஆசைப்பட்டேன் என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஏகாம்பரம் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். பகலெல்லாம் பட்டு நெய்வார், சாயங்காலம் ஹார்மோனியத்தில் உட்கார்ந்துவிடுவார். தபலா வாசித்தது சைக்கிள் கடை பாஷா பாய். ஒத்திகை அமாவாசையன்று மட்டும்தான். அமாவாசைக்குத் தறி ஓடாது. எங்கள் தெருவில் ஒருவர் பாடுவது இன்னொருவருக்குக் கேட்கும் ஒரே நாள் அதுதான். ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் தறிக்குப் போக மீதி இருந்த இடத்தில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்காருவோம். கிட்டார்காரர் தறிக் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசிப்பார். உலகத்தில் வேறு எந்தக் கிட்டார்காரருக்கும் அப்படி வசதியான ஆசனம் கிடைத்திருக்காது.

நான் மேடையேற வேண்டும் என்றபோது அப்பா ஒரே நிபந்தனை போட்டார். "வெளியூர்ல போய் யாருக்குத் தெரியும்? முதல்ல நம்ம தெரு ஆடித் திருவிழாவுல பாடு. தெரு ஒத்துக்கினா நானும் ஒத்துக்கறேன். சிரிச்சாங்கன்னா தறியில வந்து குந்து. அப்புறம் பாட்டு கீட்டுன்னு பேச்சே இருக்கக் கூடாது." அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு சாயங்காலத்தில் என் பாட்டு நிற்கிறதா போகிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் தெருவைக் கடக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால் போதாது. சாமி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கோயிலிலிருந்து யாராவது ஒருவர் புறப்பட்டிருப்பார். கச்சேரி நடுவில் புறப்பாடு வந்தால் பாட்டு அந்த வார்த்தையிலேயே நிற்கும். சாமி வீட்டுக்கு வீடு நின்று கற்பூரம் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை மேடையில் அசையாமல் நிற்போம். பிறகு நிறுத்திய வரியிலேயே, நிறுத்திய வார்த்தைக்கு அடுத்த வார்த்தையிலிருந்து எடுக்க வேண்டும். முதலிலிருந்து பாடக் கூடாது. "சாமி வந்ததால பாட்டு கெட்டுப்போச்சுன்னு ஆயிடும்மா" என்பார் ஏகாம்பரம் அண்ணன். தெருவும் விட்டுக்கொடுக்காது. பாடுகிறவர் எடுக்கும்வரை அந்த அடுத்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உளறப்போனால் வாயைப் பொத்துவார்கள். தீபாராதனைத் தட்டோடு நிற்கும் பெண்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், கண் சாமிமேல் இருக்கும், வாய்க்குள் அந்த வார்த்தை இருக்கும்.

என் முதல் மேடையில் இரண்டு பாட்டு தப்பித்துவிட்டேன். மூன்றாவது ஒரு சினிமாப் பாட்டு. சரணத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் தீவட்டி தெரிந்தது. ஏகாம்பரம் அண்ணன் கையைத் தூக்கினார்; நிறுத்தினேன். பக்கத்துத் தெரு அம்மன். நாயனமும் தவிலும் மேடைக்கு எதிரிலேயே நின்றுவிட்டன. நாயனக்காரருக்கு அன்றைக்கு என்ன உற்சாகமோ, ஒரு ராகத்தை எடுத்துப் பிழிந்துகொண்டே இருந்தார். வார்த்தையை விட்டுவிடக் கூடாது என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். எதிர் வரிசையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மன் திரும்பியது. தெரு என் பக்கம் திரும்பியது. எடுத்தேன்.

வார்த்தை சரியாகத்தான் வந்தது. சுருதிதான் என்னுடையது இல்லை. அத்தனை நேரம் காதில் ஊற்றிய நாயனத்தின் சுருதியில், என் இடத்தைவிட எங்கேயோ மேலே எடுத்துவிட்டேன். அடுத்த வரி இன்னும் மேலே போக வேண்டும். தொண்டை கிழிந்தாலும் கிழியட்டும், தறிக்குழியில் இறங்குவதற்கு அது மேல் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஆனால் இரண்டாவது வார்த்தை முடிவதற்குள் ஹார்மோனியம் சுருதியை மாற்றிக்கொண்டு என் கீழே வந்து நின்றது. கிட்டார் வந்தது. பாஷா பாய் தபலாவின் ஓரத்தைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஏற்றிக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். உச்சியில் குரல் கொஞ்சம் கீறியது. கீறிய இடத்தில்தான் தெரு விசில் அடித்தது.

அப்பா வீட்டுக்கு வந்து, "அம்மன் சுருதியிலயே எடுத்துட்டியே, யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். தப்பாக எடுத்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். "தப்போ சரியோ, போய்க்கினு இரு" என்றார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது. மறுநாள் ஏகாம்பரம் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எங்க போனாலும் நாங்க வர்றோம்மா. வேற எதுக்குப் பின்னாடி இத்தினி பேர் குந்திக்கினு இருக்கோம்?"

பிறகு மாகறல், வாலாஜா, செய்யாறு என்று எத்தனையோ மேடை. ஒருநாள்கூட நான் யாரையும் கேட்ச் பண்ணியதில்லை. அவர்கள்தான் என்னைப் பிடித்தார்கள்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கும் ட்ராக் என்றுதான் முடிவாகியிருந்தது. திருவிழாவைக் கவனிக்கிற தினேஷ் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், நல்ல பையன். அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"இப்ப யாரு ஆன்ட்டி லைவ் கேக்கறாங்க? வாசிக்கத்தான் யாரு இருக்காங்க?"

"நான் கூட்டிக்கினு வர்றேன். வரலன்னா வெறும் தொண்டையில பாடறேன். எங்க தெருவுல லேப்டாப்பு பாடி நான் கேக்க மாட்டேன்."

ஏகாம்பரம் அண்ணன் இப்போது இல்லை. பாஷா பாய் இருக்கிறார், மகள் வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் முழங்கால் வலியைப் பற்றி ஒரு நீண்ட கதை சொல்லிவிட்டு, "எப்ப ஒத்திகை?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஸ்டெல்லா என்ற பெண்ணும், பாலிடெக்னிக்கில் படிக்கிற ஒரு கிட்டார்க்காரனும் வந்தார்கள். ஆக நாலு பேர். நாலு பேர் போதும், நடத்திக்காட்டுகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

நடந்தது. நாற்காலிகள் பாதிதான் நிரம்பின, ஆனால் நடந்தது. ஐந்தாவது பாட்டில் புறப்பாடு வந்தது. கையைத் தூக்கினேன், ஸ்டெல்லா விரலை எடுத்துவிட்டாள். சாமி போகும்வரை நின்றேன். தெருவில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததை அப்படியே குனிந்து அனுப்பத் தொடங்கினார்கள். சாமி முனை திரும்பியபோது ஒரு முகமும் மேடைப் பக்கம் இல்லை. "அடுத்த பாட்டு என்னா?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேடையில் அப்படியே நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன்? ஏகாம்பரம் அண்ணன் போனது எனக்குத் தெரியும். இந்தத் தெரு போனது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு எனக்காகக் காத்து நின்ற தெரு. அது இனி வராது.

பாஷா பாயைப் பார்த்தேன். அவர் கை தபலாமேல் தயாராக இருந்தது. எந்த இடம் என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நிறுத்திய வார்த்தைக்கு அடுத்த வார்த்தையை எடுத்தேன்.