மணக்காத அடுக்களைகள்

1

வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டு நிலைமையைக் கேட்டுக் கணக்கெடுப்புப் பாரம் நிரப்புவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நாள், ஆயர் தாவார் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயம்; தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பத்துக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன.

நடுப்பகல். எல்லா வீட்டிலும் சட்டியில் கரண்டி உரசும் சத்தம். எல்லா வாசலிலும் ஒரே பதில்.

"சாப்ட்டாச்சுக்கா. ஒரு குறையும் இல்ல."

'பற்றாக்குறை இல்லை' என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். கடைசி வீட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அத்தனை சத்தத்துக்கும் ஒரு வாசம் இல்லை. தாளிப்பு இல்லை, சோறு கொதிக்கும் வாடைகூட இல்லை. ஆனால் பாரத்தில் வாசத்துக்குக் கட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஈப்போ ஆபீசில் மேலதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. "மலாய்க்காரங்க கம்பத்து ஊர்ல, சீனவங்க பக்கத்துலகூட கஷ்டம்னு சொல்லியிருக்காங்க. நம்மாளுங்க பக்கம் கிளீனா இருக்கு லா. பாகுஸ், ரொம்ப நல்லது!"

உதவி அரிசிப் பட்டியலில் அந்த லயம் சேரவில்லை.

2

சில வருடம் கழித்து அதே லயத்துக்கு, அதே கேள்விகளோடு போனேன். அதே நடுப்பகல், அதே சத்தம். இந்த முறை தண்ணீர் கேட்டுச் செல்வி என்ற பெண்ணின் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டேன்.

அடுப்பு எரியவில்லை. காலிச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மூலையில் இரண்டு பிள்ளைகள் பட்டப்பகலில் அசையாமல் தூங்கின.

"என்னம்மா இது?"

"மெதுவா பேசுங்கக்கா. பக்கத்து வீட்ல கேட்கும். அவங்கல்லாம் சமைக்கிறாங்க, நம்ம வீட்லதான் இல்ல."

"நேத்து என்ன சமைச்சே?"

"பிள்ளைங்களுக்குத் தே ஓ குடுத்தேன், பால் இல்லாத வெறும் தேத்தண்ணி."

சுவருக்கு அப்பாலும் சுரண்டல் கேட்டது. நான் சுவரைத் தட்டி, "உங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்பு?" என்றேன். அந்தச் சத்தம் நின்றது. அதற்கடுத்த வீட்டிலும் நின்றது. ஒவ்வொன்றாக லயம் முழுக்க அடங்கியது. அந்த அமைதிக்கு நான் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

ஒவ்வொரு அடுக்களைக்குள்ளும் போய்ப் பார்த்து, பத்துப் பாரத்தையும் அன்றே புதிதாக எழுதினேன். அடுத்த மாதம் அரிசி போனது. அதன்பின் நான் யாரிடமும் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதில்லை. நேற்று என்ன சமைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மேலதிகாரி பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்னம்மா, நம்மாளுங்க பட்டினி திடீர்னு இவ்வளவு ஏறிடுச்சு?"

"ஏறல சார். அப்பவே இவ்வளவுதான். நான்தான் எழுதல."