அப்பாவின் நாலாவது வாக்குறுதி

அப்பா நகரசபைத் தேர்தலில் நின்றபோது எனக்கு எதிர்க்கட்சியாக இருந்தவள் ஷர்மினி. நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

எங்கள் டவுன் தலவாக்கலை அப்போது மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. தோட்டங்களை விட்டு வந்தவர்கள் வாடகை அறை தேடினார்கள். கொழும்பில் சம்பாதித்தவர்கள் சரிவை வெட்டி மாடி வீடு கட்டினார்கள். வீடுகள் வந்த வேகத்தில் தண்ணீர்க் குழாய் வரவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் போன் திருத்தும் கடை வைத்திருந்த அப்பா, டவுனுக்கு அவசரமான நான்கு வேலைகளை வரிசைப்படுத்தி நோட்டீஸ் அடித்தார். முதலாவது, மேட்டுக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர். அடுத்தது பஸ் நிலையத்து வடிகால். பிறகு குப்பை. நாங்கள் குடியிருந்த படிக்கட்டுச் சந்துக்குத் தண்ணீர் நாலாவது. எதிர்த்து நின்றவரின் நோட்டீஸில் எங்கள் சந்துதான் முதலில் இருந்தது.

ஷர்மினியின் வீடு மேட்டுக் குடியிருப்பில்.

“எங்களுக்குத்தான் மொதல்ல தண்ணி. ஒங்கப்பாவே சொல்லிட்டாங்க” என்றாள். “ஒங்களுக்குக் கடைசியில.”

அப்பா அவள் வீட்டில் ரொட்டி சாப்பிட்டாராம். சம்பல் நன்றாக இருக்கிறதென்று மறுபடி கேட்டு வாங்கினாராம். எங்கள் வீட்டில் அவர் எதையும் மறுபடி கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் அவரை மாமா என்று கூப்பிட்டாள். அவள் தம்பிக்குக் காதுவலி என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மாவைப் பார்ப்பார். அந்தக் குழாயில் தண்ணீரே வரக்கூடாது என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் சந்தில் கூட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியாக நடந்தது. அப்பா பேசி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்.

“ஏன் தம்பி, கட்டுன பொண்டாட்டிக்கே நாலாவது எடந்தானா? அப்ப எங்க கதி?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

“நம்ம ஓட்டு எங்கக்கா ஓடிறப் போகுது? வெளி ஓட்டத்தான் மொதல்ல புடிக்கணும்.”

கீழே மலையூற்று விழும் பீலியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு ஏறி வந்த அம்மா, “கொஞ்சம் வழி விடுங்க” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே போனார்.

வாக்களித்துவிட்டு வந்த அம்மாவின் சுண்டுவிரலில் மை இருந்தது. “அப்பாவுக்குத்தானேம்மா போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாருகிட்டயும் சொல்லக்கூடாது, புள்ள” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.

மேட்டுக் குடியிருப்பின் பெட்டியில் அப்பா முன்னால் இருந்தார். எங்கள் சந்தின் பெட்டியைத் திறந்தபோது தோற்றார். ஷர்மினி வீட்டில் அழுதாளாம் என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அப்பா இனி எங்களுடைய அப்பா.

மறுநாள் காலை அம்மா வாளியை வாசலில் வைத்தார். அப்பா அதை எடுத்துக்கொண்டார். நானும் கூடவே இறங்கினேன். பீலியில் சந்துப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அப்பாவைக் கண்டதும் பெரியம்மா தன் குடத்தை இழுத்து ஓரமாக வைத்தார்.

“நீங்க புடிங்க தம்பி. எங்களுக்கு அவசரமில்ல.”

மற்றவர்களும் விலகி வழிவிட்டார்கள். தோற்றவருக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாளி நிரம்பி வழிந்தும் அப்பா மட்டும் ஏன் நிமிராமல் நிற்கிறார் என்றுதான் விளங்கவில்லை.