கட்டிலுக்கடியில் கிடந்த கயிறு

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், பள்ளி விடுமுறையில் தனியாக இலங்கைக்குப் போய்ப் பாறை ஏறுவதென்று முடிவு செய்தேன். வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை என்று சாந்தோமில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தெருக்கோடி மீனவர் சூசை மட்டும் சிரிக்கவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் நல்ல கயிறாகவே வாங்கியிருந்தேன். ஆனாலும் பயம் விடவில்லை. கூட ஒன்று இருக்கட்டுமே என்று சூசையிடம் கேட்டேன். கட்டுமரத்துக் கட்டைகளைப் பிணைக்க வைத்திருந்த புதுக் கயிற்றைச் சுருளோடு தூக்கிக் கொடுத்தார்.

“உங்களுக்கு?” என்றேன்.

“பழசு கீது வாத்தியாரே. கடல்ல அறுந்தா நீஞ்சிக்கினு வந்துடுவேன். மலையில அறுந்தா நீ இன்னா பண்ணுவே?”

அன்று மாலை, பூட்ஸும் கம்பளியும் அடைத்த டிரங்குப் பெட்டி மூடவே இல்லை. மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். கடைசியில் சூசையின் கயிற்றை வெளியே எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவர் குடிசை இருநூறு அடி தூரம்தான். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

விடியுமுன்பே அவர் கடலுக்குப் போய்விட்டார். அலையில் பழைய கயிறு அறுந்து, கட்டைகள் தனித்தனியாகக் கரை ஒதுங்கின. மறுநாள் அவர் ஒதுங்கினார். நெற்றியில் கட்டை அடித்த காயம்.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் மனைவி என்னிடம் வந்தாள்.

“அவரு குடுத்த கயித்தைப் பொட்டில வெச்சிக்கினியா வாத்தியாரே? பத்திரமா போய்ட்டு வா.”

“வெச்சிட்டேம்மா” என்றேன்.

நான் இலங்கைக்குப் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். அந்த இருநூறு அடியை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.