ஆடு மேய்ந்த களம்

நேற்று பேருந்து களம்பூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியே வந்த அவித்த நெல்லின் வாசனை, ஆரணியில் இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட ரைஸ் மில் களத்துக்கு என்னை இழுத்துப் போனது. 1978, ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டு விடுமுறை. ஆவி பறக்கும் நெல்லைச் சிமெண்ட் தரையில் பரப்பி, பெண்கள் கால்களாலேயே வரிசை வரிசையாகப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சரசரப்பு நாள் முழுக்க ஓயாது. அம்மாவும் அவர்களில் ஒருத்தி. களத்துக்குள் ஆடு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அன்று பொட்டலக் காகிதத்தில் இருந்த ஒரு கதையில் மூழ்கிவிட்டேன். நான்கு ஆடுகள் புகுந்து மேய்ந்துவிட்டன. களத்து வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி அம்மாவிடம், "நாளையிலேர்ந்து நீ வராத" என்றார்.

"படிச்சிகினு இருந்தது நானுங்க. என்னைக் கேளுங்க" என்றேன்.

"அப்போ மகாராணியே நெல்லைப் பெரட்டட்டும்" என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கொதிக்கும் தரையில் அம்மாவின் பங்கு முழுவதையும் புரட்டத் தொடங்கினேன். அம்மா வந்து மறித்தும் நிறுத்தவில்லை. வெயில் தாழ்கையில் மேஸ்திரியே, "போதும், போ" என்றார்.

"இன்னும் மூணு வரிசை இருக்குதுங்க."

அவர் தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். நான் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றையும் முடித்து நான் நிமிர்ந்ததும் அவர் அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு ஜல்தி வந்துடு."