புதன்கிழமை மண்டபத்துக்குக் காசு சேர்த்த கதை

காசு சேர்க்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. கடையில் நம்மைக் கண்டதும் தெரிந்த ஆட்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைவார்கள் என்பது மட்டும் நிச்சயம். ரசீதுப் புத்தகத்தோடு ஒரு தமிழ் வீட்டு மணியை அடித்து, உள்ளே திரைச்சீலை அசைவதைக் கண்டும் கதவு திறக்காமல் மழையில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் சாதி. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரத் தமிழ்ப் பெண்கள் புதன்கிழமைக் காலையில் ஒரு கிறிஸ்தவ சேர்ச் மண்டபத்தில் கூடுவோம். பிள்ளைகள் நிலத்தில் உருளுவார்கள், நாங்கள் கதைப்போம். வேலைத்திட்டம் அவ்வளவுதான். கவுன்சில் தந்த உதவி நின்றதும், இனி வாடகை தரவேண்டும், இல்லையென்றால் புதன்கிழமையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார்கள். என்னுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷுக்கே அது நன்றாக விளங்கியது.

யார் காசு சேர்ப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதற்கும் சிரிக்கிறவள். சிரிக்கிற ஆளுக்கு இல்லை என்று சொல்லக் கஷ்டமாம். நான் ஓம் என்றது சுகந்திக்காக. அவள் இந்த நாட்டுக்கு வந்து அதிக காலமில்லை. புருஷனுக்கு விமான நிலையத்தில் இரட்டை ஷிப்ட். நாள் முழுக்க ஒற்றை அறையில் அவள், குழந்தை, நாலு சுவர். புதன்கிழமை வந்தால் மூச்சுவிடாமல் கதைப்பாள். ஒரு கிழமைக் கதையை ஒரு காலைக்குள் முடிக்க வேண்டுமே. இந்த மண்டபம் போனால் அவள் யாரோடு கதைப்பாள் என்பதுதான் எனக்கு இருந்த பயம்.

நீலப் பிள்ளை

முதல் யோசனை, கடையில் உண்டியல்போல ஒரு தகரப் பேணி வைப்பது. பால்மாப் பேணி ஒன்றைக் கழுவி, மூடியில் வெட்டுப்போட்டு, வெள்ளைக் கடதாசி ஒட்டி, அதில் சிரித்துக்கொண்டு தவழுகிற ஒரு குழந்தையைப் படமாகக் கீறினேன். என் மூத்த மகன் கலர்ப் பேனை எல்லாவற்றையும் மூடாமல் விட்டுக் காயவைத்திருந்தான். நீலம் ஒன்றுதான் எழுதியது. ஆகவே குழந்தை நீலம். தமிழ்க் கடைக்கார அண்ணை நல்ல மனுசன். மறு பேச்சில்லாமல் பேணியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

சில கிழமை கழித்துத் தூக்கிப் பார்த்தால் நல்ல பாரம். சந்தோஷத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினேன். நாணயங்கள் துண்டுக் கடதாசிகளில் சுற்றிக் கிடந்தன. ஒன்றில் ‘விசா’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், ‘தம்பி கொழும்பால சுகமா வந்து சேரவேணும்.’ ஒரு கற்பூரக் கட்டிகூட இருந்தது. சனம் அதைக் கிருஷ்ணர் உண்டியல் என்று நினைத்துவிட்டது. நேர்த்திக்காசை மண்டப வாடகைக்கு எடுக்க எங்கள் ஒருத்திக்கும் மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கோயிலில் போட்டோம். வெறும் பேணியோடு கடைக்குத் திரும்பிப் போனபோது அண்ணை சொன்னார்: “அடுத்த முறை அழுகிற பிள்ளையைக் கீறுங்கோ தங்கச்சி. சிரிக்கிற பிள்ளையைக் கண்டால் சனம் கும்பிடத்தான் செய்யும்.”

விலை போட்ட ரோல்ஸ்

கோடையில் சேர்ச் வளவில் ஒரு சந்தை வைத்தார்கள். எங்களுக்கும் ஒரு மேசை தந்தார்கள். உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பவளமக்காவின் ரோல்ஸை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அவரைக் காணும்போதெல்லாம் அதைப் பற்றியே விசாரிப்பார்கள். தன்னுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகும், கைக்குழந்தை தூக்குகிற ஆசையில் எங்களோடு ஒட்டிக்கொண்டவர் அவர். விடியவே எழும்பிப் பொரித்து, மேசை நிறைய அடுக்கி வைத்தார். நான் விலையைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னுக்கு நிறுத்தினேன்.

என் கைக்குழந்தைக்கு உடுப்பு மாற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன், மேசையில் பாதியைக் காணவில்லை. காசுப் பெட்டியும் சத்தம் போடவில்லை. பவளமக்கா ஒரு குடும்பத்துக்குத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். “இவை எங்கட பக்கத்து ஊர் ஆக்கள், பிள்ளை.” அடுத்து வந்தவர்கள் மச்சாளின் சொந்தம். அதற்கடுத்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சொந்தம் ஒன்றுமில்லை, ஆனால் மெலிந்திருந்தார். காசு தர வந்தவர்களுக்கும் ஒன்றுக்கு இரண்டாக வைத்து அனுப்பினார். பக்கத்து மேசை வெள்ளைக்கார மனுசி ஒரே ஒரு கேக்கை மெல்லிசு மெல்லிசாக வெட்டி, தன் சொந்தத் தங்கைக்கும் விற்றுக்கொண்டிருந்தார். நான் விலை எழுதிய மட்டையைத் தூக்கிக் காட்டியபோது பவளமக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “தின்னக் குடுத்துப்போட்டுக் கையை நீட்டச் சொல்லுறியோ? என்னால ஏலாது. அதுக்கு வேற ஆளைப் பார்.”

நடை

இங்கத்தைய ஆட்கள் நல்ல காரியத்துக்காக நடப்பார்கள். நடக்கிற ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று தெரிந்தவர்கள் ஒரு படிவத்தில் எழுதிக் காசு தருவார்கள். நாங்களும் தள்ளுவண்டிகளோடு பூங்காவைச் சுற்றி நடப்பதாக முடிவெடுத்தோம். இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவதிலேயே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. ஒரு ஐயா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நடந்து எங்கை போகப்போறியள்?” என்றார். எங்கும் இல்லை, சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம் என்றேன். மனுசனுக்கு எங்கள்மேல் பெரிய இரக்கம் வந்துவிட்டது. “குழந்தைப்பிள்ளையளைக் குளிருக்கை இழுத்துக்கொண்டு திரியாதேங்கோ. நடக்காமல் இருக்கிறதுக்கு எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்கோ” என்றார். அதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

அன்றைக்கு மழை. வருவோம் என்றவர்களில் பலர் வரவில்லை, வந்தவர்களிலும் பலர் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுகந்தி மட்டும் வண்டிக்கு மேலே பிளாஸ்ரிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு நிற்காமல் நடந்தாள். எங்களுக்குக் காசு தருவதாகச் சொன்ன தூரம் எப்போதோ முடிந்துவிட்டது. காணும், இவ்வளவு போதும், வா போவோம் என்று கூப்பிட்டேன். “இன்னும் ஒரு சுற்று அக்கா. நடக்கிறது எனக்குக் களைப்பில்லை. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கு இருக்கிறதுதான் களைப்பு.”

பொன்னாடை

லண்டனிலேயே ஹரோவில் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார், கேட்டால் கொடுக்கிறவர் என்று பெயர். அவரைக் கூப்பிட்டு ஒரு சின்ன விழா வைத்து, எங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்பது என்று முடிவானது. ஆனால் பெரிய மனுசரைக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? மாலை வந்தது. பொன்னாடை வந்தது. குத்துவிளக்கை இரவல் வாங்கி மினுக்கினோம். வீட்டிலிருந்த பட்டுச் சேலை, நகை எல்லாம் வெளியே வந்தது. நானும் என் கலியாணச் சேலையைக் கட்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பவளமக்கா பொறுப்பு. அதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

பேச்சு, நடனம், பிறகும் பேச்சு. வாடகைக் கதையை எடுக்க வேண்டிய நான் மேடையில் ஏறியபோது, விருந்தாளியிடம் அந்தச் சபையில் வைத்துக் கேட்பது மரியாதையில்லை என்று எங்கள் பெண்களே பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். டாக்டர் போகும்போது பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்: “ரொம்ப சிறப்பா நடத்துறீங்கம்மா. ஏதாவது உதவி பண்ணணும்னு நினைச்சுத்தான் வந்தேன். பார்த்தா உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

காப்பு

வாடகைக்குச் சேர்ந்தது போதவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிய, எங்கள் புதன்கிழமை ஒரு நடன வகுப்புக்குப் போய்விட்டது. அதற்கு முன்வந்த எங்கள் கடைசிப் புதனன்று மண்டபத்துக்குப் போனால் நிற்க இடமில்லை. ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கணவன்மார் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார்கள். நடக்க வேண்டாம் என்ற ஐயா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பவளமக்கா என் கையைப் பிடித்து, சிவப்புப் பெட்டியைத் திறந்து, ஒரு தங்கக் காப்பைப் போட்டுவிட்டார். பாரமான காப்பு. என் அலைச்சலுக்கு ஒரு பரிசு என்று வீடு வீடாகத் தானே போய்க் கேட்டாராம். ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லையாம். சிலர் பிறகு தேடி வந்து இன்னும் கொடுத்தார்களாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “அக்கா, இந்தக் காசு முன்னமே வந்திருந்தால் இந்த வருஷம் முழுக்க மண்டபத்தை எடுத்திருக்கலாமே” என்று அவர் காதுக்குள் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தடவினார். “வாடகைக்கு எண்டு போயிருந்தால் ஆர் பிள்ளை தருவினம்? உனக்கு எண்டபடியால்தான் தந்தவை.” காப்பைக் கொண்டுபோய் விற்றாலும் நடன வகுப்புக்காரர் புதன்கிழமையைத் திருப்பித் தரப்போவதில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். சுகந்தி ஒரு மூலையில் நிலத்தில் குந்தியிருந்து விளையாட்டுச் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனதும் காப்பைத் தொட்டுப் பார்த்து, நல்ல வடிவு என்றாள். பிறகு பையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “அப்ப வாற புதன் நாங்கள் எங்கை அக்கா?”

எங்கள் சனம் கையில் இருப்பதை அள்ளிக் கொடுக்கிற சனம்தான், என்ன, காரியம் முடிந்துவிட்டது என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும்.